தம் அடிப்பதை நிறுத்த நேரில் எத்தனை தடவை, போனில் எத்தனை தடவை? வடசென்னைக்கான வழிகாட்டி

சிகரெட், பீடியை விடுவதற்கு உதவி தேடுபவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்கு வரணுமா, போன்லயே முடிச்சிக்கலாமா?" நியாயமான கேள்வி. மணலியில் மூன்று ஷிஃப்ட் பார்ப்பவரால் வாராவாரம் காலை ஓ.பி. வரிசையில் நிற்க முடியாது. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஓட்டுபவருக்கு எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி எப்போது நகரும் என்பதே தெரியாது. அதற்காக எல்லாவற்றையும் போனுக்குள் தள்ளிவிட்டால், நேரில் பார்த்தால் மட்டுமே ஆகிற வேலைகள் ஆகாமலே நின்றுவிடும். எதற்கு நேரில் போக வேண்டும், எதற்குப் போன் போதும் என்று பிரித்துக்கொண்டால் பத்து சந்திப்பில் ஐந்தை இருந்த இடத்திலிருந்தே முடிக்கலாம்.

ஐந்துக்கு ஐந்து என்ற கணக்குக்கு முன்மாதிரி இருக்கிறது. நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் ஒரு மருத்துவமனையும் ட்வென்டே பல்கலைக்கழகமும் சேர்ந்து இதே பிரிவை வைத்து ஆய்வு நடத்தின. ஒரு குழுவுக்குப் பத்து அமர்வும் நேரில். இன்னொரு குழுவுக்கு ஐந்து நேரில், ஐந்து இணையத்தில். இரண்டிலும் சொல்லிக்கொடுப்பது ஒன்றேதான். கொடுக்கும் வழிதான் வேறு. இங்கே நாம் செய்யப்போவதும் அதுதான், நம் ஊர் வசதிக்கு ஏற்றபடி இணையத்துக்குப் பதில் போனில்.

ஒன்றை மனதில் வையுங்கள். எந்த உதவியும் இல்லாமல் வைராக்கியத்தை மட்டும் நம்பி விடுபவர்களில் ஒரு வருடம் வரை தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர். ஆலோசனையும் மருந்தும் சேரும்போது அது இரண்டு மடங்குக்கும் மேல் கூடுகிறது. ஆகவே நேரிலா போனிலா என்பதைவிட, எடுத்த வழியில் பத்து சந்திப்பையும் முடிப்பீர்களா என்பதே பெரிய கேள்வி.

முதலில் உங்கள் பிடிப்பை அளந்துகொள்ளுங்கள்

நிகோடின் பிடிப்பை அளக்கும் ஃபாகர்ஸ்ட்ராம் சோதனையில் ஆறு கேள்விகள் உண்டு. வீட்டில் பார்த்துக்கொள்ள அதில் இரண்டு போதும்.

எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் தம்? 5 நிமிடத்துக்குள் என்றால் 3 மதிப்பெண், 6 முதல் 30 நிமிடம் என்றால் 2, 31 முதல் 60 நிமிடம் என்றால் 1, அதற்கும் மேல் 0.

ஒரு நாளைக்கு எத்தனை? 10 வரை 0, 11 முதல் 20 வரை 1, 21 முதல் 30 வரை 2, அதற்கு மேல் 3.

கூட்டினால் 0 முதல் 2 வரை லேசான பிடிப்பு, 3, 4 நடுத்தரம், 5, 6 கடுமை.

இரண்டாவது கேள்வியில்தான் கணக்கு தவறும். லூஸில் வாங்குபவர்கள் எப்போதும் குறைத்தே சொல்வார்கள். நண்பர் நீட்டியது, பாதி பாதியாகப் பங்கு போட்டது, இரவு கடை மூடும் முன் வாங்கிய இரண்டு, எதுவும் கணக்கில் வராது. மூன்று நாளைக்கு ஒவ்வொரு தம்முக்கும் போனில் நேரத்தைக் குறித்து வையுங்கள். டீக்கடையில் ஜி-பே போடுபவர்கள் அந்தப் பட்டியலையும் எடுத்துப் பார்க்கலாம். பீடியையும் சிகரெட்டுக்குச் சமமாகவே எண்ணுங்கள். "பீடிதானே" என்று விட வேண்டாம். அதிலிருந்து உள்ளே போகும் நிகோடினும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் சிகரெட்டுக்குக் குறைந்ததல்ல.

யாருக்கு முழுக்க நேரில், யாருக்குக் கலந்து

மதிப்பெண் 5, 6 வருபவர்கள் குறைந்தது முதல் மாதமாவது நேரில் போவதே நல்லது. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், நெஞ்சுவலிக்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு வந்த வரலாறு உள்ளவர்கள், மனநல மாத்திரை எடுப்பவர்கள், நாள்பட்ட மூச்சுத்திணறல் உள்ளவர்கள், தினமும் குடிப்பவர்கள் ஆகியோருக்கும் போன் வழி போதாது. மருந்தை மாற்றவும் உடலைப் பரிசோதிக்கவும் ஆள் எதிரே இருக்க வேண்டும். சிகரெட்டோடு மாவா, ஹான்ஸ் என்று வாயில் ஒதுக்கும் புகையிலையும் போடுபவர்கள் வாயை ஒருவர் திறந்து பார்க்கும்படி ஒரு தடவையாவது நேரில் போயே ஆக வேண்டும். வாயில் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருக்கிறதா, வாய் முழுதாகத் திறக்கிறதா என்பதை வீடியோ காலில் நம்பிச் சொல்ல முடியாது.

மற்றவர்களுக்குக் கலப்பு முறை பொருந்தும். ஆனால் ஒரு நிபந்தனை: இருபது நிமிடம் யாரும் காது கொடுக்காத இடத்தில் பேச முடிய வேண்டும். ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும் குடியிருப்பு வீட்டில் மாமியார் முன்னால் "நேத்து ராத்திரி ரெண்டு அடிச்சிட்டேன்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து பேசும் போன் அமர்வில் எல்லாப் பதிலும் "பரவாயில்லை" என்றே வரும். மொட்டை மாடி, நிறுத்திவைத்த ஆட்டோ, ஷிஃப்ட் முடிந்த பிறகு கம்பெனி கேன்டீன் மூலை என்று ஏதாவது ஓர் இடத்தை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். எதுவும் இல்லையென்றால் முழுக்க நேரில் போகும் வழியை எடுங்கள்.

எங்கே போவது, எந்த எண்ணைக் கூப்பிடுவது

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம். மனநலப் பிரிவு அல்லது நெஞ்சகப் பிரிவு ஓ.பி. சீட்டு போட்டு, "சிகரெட் நிறுத்துறதுக்கு ஆலோசனை வேணும்" என்று நேரடியாகச் சொல்லுங்கள். இருமல் என்று சொல்லிப் போனால் இருமலுக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார்கள். புளியந்தோப்பு, பெரம்பூர் பக்கத்தவர்களுக்கு ஓட்டேரி மார்பு நோய் மருத்துவமனை. மாவா பழக்கமும் இருந்தால் கோட்டை ரயில் நிலையத்தை ஒட்டிய அரசு பல் மருத்துவக் கல்லூரி. முதல் படியாக உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டு போனால் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வரிசை மிச்சம்.

போன் பாதிக்குத் தேசிய உதவி எண் 1800-11-2356. கட்டணம் கிடையாது. இந்த எண் 2018 முதல் சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சாகிறது. லூஸில் வாங்குபவர்கள் கண்ணில் மட்டும் படுவதில்லை. தென்னிந்திய மொழிகளில் பேசுவதற்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் மையம் இருக்கிறது. எடுத்ததும் தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் ஒத்துக்கொண்டால் அடுத்தடுத்த அழைப்புகளை அவர்களே செய்வார்கள். மருத்துவமனை ஆலோசகரே போனில் தொடர்வதாகச் சொன்னால் அதுதான் இன்னும் நல்லது, உங்கள் முகம் அவருக்குத் தெரியும்.

பத்து சந்திப்பு, பன்னிரண்டு வாரம்

1. நேரில், விடும் நாளுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு. பிடிப்பு மதிப்பெண், ரத்த அழுத்தம், இப்போது எடுக்கும் எல்லா மாத்திரைகளின் பட்டியல், மூச்சில் கார்பன் மோனாக்சைடு அளவு. மருந்து எது என்பது இங்கேதான் முடிவாகும். விடும் நாளையும் இங்கேயே குறியுங்கள்.
2. போனில், மூன்று நான்கு நாள் கழித்து. நீங்கள் குறித்து வைத்த நேரப் பட்டியலைப் படித்து, எந்தத் தம் பழக்கத்துக்காக, எந்தத் தம் உடல் கேட்டு என்று பிரிப்பது.
3. நேரில், விடும் நாளன்று அல்லது முந்தின நாள். தம்முக்குப் பதிலாக உடலுக்குக் கொஞ்சம் நிகோடின் கொடுக்கும் கம்மை மெல்வதையும், தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையை ஒட்டுவதையும் ஆலோசகர் முன்னால் ஒரு தடவை செய்து காட்டுங்கள்.
4. போனில், மூன்றாம் நாள். உடல் கேட்பது உச்சத்தில் இருக்கும் நேரம் இது.
5. போனில், ஏழாம் நாள்.
6. நேரில், இரண்டாம் வாரம். மறுபடி மூச்சுச் சோதனை.
7. போனில், நான்காம் வாரம்.
8. நேரில், ஆறாம் வாரம். மருந்தின் அளவைக் குறைப்பது.
9. போனில், ஒன்பதாம் வாரம்.
10. நேரில், பன்னிரண்டாம் வாரம்.

இதில் மூன்றாவதைத் தவறவிட்டால் மீதி ஒன்பதும் பாதிப் பலன்தான் தரும். மருந்தைத் தப்பாகப் பயன்படுத்திவிட்டு "எனக்கு வேலை செய்யல" என்று நிறுத்துபவர்கள் அவ்வளவு பேர்.

மூச்சுச் சோதனை பற்றி இரண்டு வார்த்தை. மூச்சை உள்ளே இழுத்து 15 வினாடி பிடித்து, பிறகு மெதுவாகக் கடைசி வரை ஊத வேண்டும். 6 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 6 பங்கு) அளவுக்குக் கீழே இருந்தால் புகைக்காதவர் என்று எடுத்துக்கொள்வார்கள். ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு நான்கைந்து மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால் காலை ஓ.பி.யில் ஊதும்போது, முந்தின இரவு வரை பிடித்தவருக்கும் குறைவாகவே காட்டலாம். கடைசித் தம் எத்தனை மணிக்கு என்பதையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மூடிய அறையில் இரவெல்லாம் கொசுவத்தி எரிந்திருந்தாலும், லாரிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் பைக்கில் வந்திருந்தாலும் அளவு சற்று ஏறும், அதையும் சொல்லிவிடுங்கள். கருவி எல்லா இடத்திலும் இருக்காது. முன்பே விசாரித்துக்கொண்டு போங்கள்.

நிகோடின் கம்: டீயால்தான் கெடுகிறது

எழுந்த 30 நிமிடத்துக்குள் முதல் தம் என்றால் 4 மி.கி. கம், அதற்குப் பிறகு என்றால் 2 மி.கி. மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 2 மி.கி.; 4-க்குச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, 7 முதல் 9 வாரம் வரை இரண்டு முதல் நான்கு மணிக்கு ஒன்று, 10 முதல் 12 வரை நான்கு முதல் எட்டு மணிக்கு ஒன்று. ஒரு நாளில் 24-ஐத் தாண்டக் கூடாது. யாரும் அவ்வளவு போவதில்லை, பிரச்சினை எதிர்ப்பக்கம்தான். நாளைக்கு மூன்று நான்கு போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். முதல் வாரங்களில் நாளைக்குக் குறைந்தது ஒன்பது போட வேண்டும்.

மெல்லும் விதம்: வாயில் போட்டு மெதுவாக மெல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் மிளகைக் கடித்த மாதிரி சுர்ரென்று வரும். வந்ததும் மெல்வதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்குங்கள். ஒரு நிமிடத்தில் அந்தக் காரம் அடங்கிவிடும். மறுபடி நாலைந்து தடவை மென்று இந்தத் தடவை மறுபக்கம் ஒதுக்குங்கள். அரை மணி நேரத்துக்கு இதே வேலை. மாவா ஒதுக்கிப் பழகியவர்களுக்கு இது உடனே வந்துவிடும். சிகரெட் மட்டும் பிடித்தவர்கள் பபுள்கம் போல விடாமல் மெல்வார்கள். அப்போது நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குள் இறங்கி, கல்லீரலில் பெரும்பகுதி அழிந்துபோகும். மிஞ்சுவது விக்கலும் நெஞ்செரிச்சலும் தாடை வலியும்தான்.

இனி டீ. கன்னத்தின் உட்புறம் நிகோடினை உறிஞ்ச வேண்டுமானால் வாயில் புளிப்புத்தன்மை இருக்கக் கூடாது. டீ, காபி, கோலா, எலுமிச்சை ஜூஸ் எல்லாமே அதைக் கெடுக்கும். கம் போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்து, வாயில் இருக்கும் வரை தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது. ஆனால் நம் ஊரில் தம் கேட்பதே டீ குடித்த கையோடுதான்! டீ முடிந்ததும் கம்மைப் போட்டால் அது வேலை செய்யாது, பத்து நிமிடத்தில் கை பெட்டிக்கடைக்குப் போய்விடும். அதனால் முறையை மாற்றுங்கள். 11 மணிக்கு டீ என்றால் 10.15-க்குக் கம்மைப் போட்டு 10.45-க்குத் துப்பிவிடுங்கள். டீ குடிக்கும் நேரத்தில் நிகோடின் ஏற்கனவே ரத்தத்தில் இருக்கும்.

டீயின் எண்ணிக்கையையும் பாதியாக்குங்கள். புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலைத் தூண்டிக் கஃபீனை வேகமாகக் கழிக்க வைக்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறையும். அதே ஆறு டீ உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். படபடப்பு, தூக்கம் வராமை, எரிச்சல் எல்லாம் வரும். தம் விட்டதால்தான் இப்படி என்று நினைத்து மறுபடி பற்றவைப்பவர்கள் உண்டு.

பட்டையும் மாத்திரையும்

நாளைக்குப் பத்துக்கு மேல் பிடித்தவர்களுக்கு 21 மி.கி. பட்டை ஆறு வாரம், பிறகு 14 மி.கி. இரண்டு வாரம், 7 மி.கி. இரண்டு வாரம். பத்தும் அதற்குக் குறைவும் என்றால் 14-இல் தொடங்கி ஆறு வாரம், பிறகு 7 இரண்டு வாரம். சென்னை வேர்வையில் பட்டை கழன்று விழுவதுதான் பெரிய தொல்லை. குளித்துத் துடைத்தவுடன் ஒட்டாதீர்கள். ஃபேனுக்குக் கீழே பத்து நிமிடம் உட்கார்ந்து தோல் நன்றாகக் காய்ந்ததும் ஒட்டுங்கள். பவுடர், தேங்காய் எண்ணெய் எதுவும் அங்கே படக் கூடாது. முடியில்லாத மேற்கை அல்லது மார்பில் வைத்து உள்ளங்கையால் பத்து வினாடி அழுத்துங்கள். தினமும் இடத்தை மாற்றுங்கள். ஒட்டிய இடத்துக்கு ஒரு வாரம் ஓய்வு. கனவுகள் தூக்கத்தைக் கெடுத்தால் படுக்கும்போது எடுத்துவிடலாம். வெட்டிப் பாதியாக ஒட்டாதீர்கள். பயன்படுத்திய பட்டையை ஒட்டும் பக்கம் உள்ளே வர மடித்துக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் போடுங்கள். அதில் இன்னும் நிகோடின் இருக்கும்.

கடுமையான பிடிப்பு உள்ளவர்களுக்குப் பட்டையும் கம்மும் சேர்ந்தே கொடுப்பார்கள். பட்டை நாள் முழுக்கத் தாங்கும், கம் திடீரென்று கேட்கும்போது. ஒன்றை மட்டும் எடுப்பதைவிட இது பலன் தரும்.

தம் ஆசையைக் குறைக்கும் வரெனிக்லின், பியூப்ரோபியான் ஆகிய மாத்திரைகளைப் போன் சந்திப்பில் கேட்டு வாங்க வேண்டாம். இரண்டையும் விடும் நாளுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே தொடங்கி, சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். வலிப்பு வரலாறு உள்ளவர்களுக்குப் பியூப்ரோபியான் கூடாது.

போன் பாதி எங்கே உடைகிறது

பெரும்பாலும் மூன்று இடங்களில். தெரியாத எண் என்று அழைப்பை எடுக்காமல் விடுவது முதலாவது. ஆலோசகர் எண்ணையும் உதவி எண்ணையும் பெயர் போட்டுச் சேமியுங்கள். கூப்பிடும் நேரத்தை நீங்களே குறித்துக் கொடுங்கள். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்கும் நேரத்தைக் கொடுக்காதீர்கள். இரண்டாவது, தம் நேரக் குறிப்பை அமர்வுக்கு முந்தின இரவு ஒரே மூச்சில் நிரப்புவது. அந்தப் பட்டியலை வைத்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. காலியாக விட்டுக் காலி என்றே சொல்லுங்கள், அதுவும் தகவல்தான். மூன்றாவது, மறைப்பது. நேரில் போனால் சட்டை வாடையும் மூச்சுக் கருவியும் காட்டிக்கொடுத்துவிடும். போனில் அந்தத் தடை இல்லை. அதனால் தீர்ந்த கம் அட்டைகளை எறியாமல் வைத்து, அமர்வுக்கு முன் படம் எடுத்து அனுப்புங்கள். எத்தனை போட்டீர்கள் என்பதிலிருந்தே ஆலோசகர் பாதியைப் படித்துவிடுவார்.

அடுத்தடுத்து இரண்டு போன் சந்திப்பைத் தவறவிட்டால் அடுத்தது கட்டாயம் நேரில். இதை முதல் நாளே பேசிவைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதையும் போனிலேயே வைத்தால் பெரும்பாலும் அதுவும் நடக்காது.

காசிமேட்டுக்காரர்களுக்கு

விசைப்படகில் தங்கு கடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு மேலே சொன்ன அட்டவணை அப்படியே பொருந்தாது. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே சிக்னல் போய்விடும். மூன்றாம் நாள் அழைப்பு வரவே வராது. ஆனால் அவர்களுக்கு வேறு யாருக்கும் இல்லாத ஒரு வாய்ப்பு உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விடும் நாளைத் தடைக்காலத்தின் முதல் வாரத்திலேயே வைத்தால், கடினமான நாட்களும் முழு அளவுப் பட்டையின் ஆறு வாரமும் கரையிலேயே கழியும். மூன்றாவது முதல் எட்டாவது வரையிலான சந்திப்புகளும் அதற்குள் அடங்கிவிடும். வலை பின்னும் கொட்டகையில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் மதிய நேரம்தான் ஆபத்து. அந்த நேரத்துக்குக் கம்மைத் தயாராக வையுங்கள். தடை முடிந்து முதல் தடவை கடலுக்குப் போகும்போது, தங்கும் நாட்களுக்குத் தேவையான கம்மோடு மூன்று நாளைக்குக் கூடுதலாக, ஈரம் புகாத டப்பாவில் எடுத்துப் போங்கள். படகில் ஒருவராவது நீங்கள் விட்டதை அறிந்திருக்க வேண்டும்.

முதல் வாரத்தில், சறுக்கும்போது

தம் கேட்கும் வேகம் சில நிமிடங்களில் தணியும். அந்த நேரத்தில் நிற்கும் இடத்தை மாற்றுங்கள், தண்ணீரை மெதுவாகக் குடியுங்கள். டீக்கடையில் "மச்சான், ஒண்ணு போடுறியா?" என்று கேட்டால் "டாக்டர் மருந்து குடுத்திருக்காரு மச்சான், இப்ப கூடாது" என்று சொல்லுங்கள். "விட்டுட்டேன்" என்றால் வாதாட ஆரம்பிப்பார்கள், மருந்து என்றால் விட்டுவிடுவார்கள். முதல் மூன்று வாரம் குடிக்காதீர்கள். ஒரு குவார்ட்டருக்குப் பிறகு எந்த முடிவும் நிற்பதில்லை. சிகரெட்டுக்குப் பதிலாக மாவாவுக்கு மாறுவது நிறுத்தம் ஆகாது.

ஒரு தம் அடித்துவிட்டால் பட்டையைக் கழற்ற வேண்டாம், அப்படியே தொடருங்கள். அன்றே போனில் சொல்லுங்கள், அடுத்த சந்திப்பு வரை வைத்திருக்காதீர்கள். ஒரே நாளில் மூன்றுக்கு மேல் போனாலோ, அடுத்தடுத்து இரண்டு நாள் அடித்தாலோ போனை விட்டுவிட்டு நேரில் போங்கள். மருந்தின் அளவு போதாமல் இருக்கலாம்.

ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் வகை மாத்திரை, மனநலத்துக்கு ஒலன்ஸபின் அல்லது க்ளோஸபின், சர்க்கரைக்கு இன்சுலின் எடுப்பவர்கள் விடும் நாளுக்கு முன்பே அந்த டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். புகை நின்றால் மாத்திரைகள் ரத்தத்தில் கூடலாம், இன்சுலின் தேவை குறையலாம். வாந்தி, நடுக்கம், மிதமிஞ்சிய தூக்கம், சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்டுவது என்று எது வந்தாலும் போன் சந்திப்புக்காகக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.